பொறுங்கோ டாக்டரும் என் பாவாடை டக்கும்

ஒரு பல்லைக்கூடப் பிடுங்காமல் பெயரெடுத்த பல் டாக்டர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் கண்டியில், திருகோணமலை வீதியில், ஒரு மாடியில் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ஊருக்கு அவர் ‘பொறுங்கோ டாக்டர்’. எந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனாலும் அந்த ஒரு சொல்லைத்தான் மருந்தாகக் கொடுத்து அனுப்புவார்.

கல்யாண வீட்டுக்கு வந்தால் தன் இலையைப் பார்க்க மாட்டார். எதிர்ப் பந்தியில் வடை கடிக்கும் பிள்ளைகளின் தாடையையே பார்த்துக்கொண்டிருப்பார். ரசம் என்று நினைத்துப் பக்கத்து ஆளின் பாயசத்தைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டதை நானே கண்ணால் கண்டேன்.

பத்து வயதில் எனக்கு மேல் முன்பல் நான்கும் வெளியே நின்றன. உதடு மூடாது. பள்ளிக்கூடத்தில் ‘முயல்’ என்றார்கள். புடவைக்கடை வைத்திருந்த அப்பாவுக்கு ஒரே யோசனைதான். நான்கையும் பிடுங்கிவிட்டுக் கட்டுப்பல் வைப்பது. அதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது.

பிடுங்கத்தான் அவரிடம் கூட்டிப் போனார். டாக்டர் என் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தார். பிறகு பாவாடையைப் பார்த்தார். வளரும் பிள்ளைக்குப் பாவாடையை நீளமாகத் தைத்து, மிச்சத்தை மடித்து டக் பிடித்து, வளர வளரப் பிரித்துவிடுவது அப்போது எல்லா வீட்டிலும் வழக்கம்.

“இந்த வருசம் எத்தனை டக் பிரிச்சனீங்கள்?”

“பல்லக் காட்ட வந்தா பாவாடையக் கேக்குறீங்க! புடவை யாவாரின்னு நக்கலா?”

“பல்லில பிழையில்லை. கீழ்த்தாடை பின்னுக்கு நிக்குது. பிள்ளை கிடுகிடெண்டு உயரேக்கைதான் தாடையும் வளரும். அந்த நேரம் வாய்க்குள்ள ஒரு தட்டுப் போட்டால் முன்னுக்கு வரும். முந்தினாலும் வீண், பிந்தினாலும் வீண். பொறுங்கோ.”

கதவு நிலையில் என்னை நிறுத்தி, தலைமட்டத்தில் பென்சிலால் கோடு போட்டார். அந்த நிலை முழுக்கக் கண்டிப் பிள்ளைகளின் கோடுகள். ஒருமுறை வீட்டுக்காரர் பெயின்ட் அடிக்க ஆள் அனுப்பியபோது, டாக்டர் கதவுக்குக் குறுக்கே கதிரை போட்டுக் குடையை விரித்து உட்கார்ந்துவிட்டாராம். வந்தவன் குடைக்குப் பெயின்ட் அடித்துவிட்டுப் போனான்.

ஒரு வருஷம் போயிற்று. நான் வளர்கிற வழியாக இல்லை. அம்மா ஒரு மத்தியானம் இரண்டு டக்கைத் தானே பிரித்துவிட்டு, பாவாடை தரையைக் கூட்ட என்னை இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் என்னைக் கோட்டோடு நிறுத்திப் பார்த்தார்.

“பாவாடை வளர்ந்திருக்கு. பிள்ளை வளரேல்லை.”

அப்பா கொதித்துப்போனார். “பொறுத்தது போதும்!” புதன்கிழமை பிடுங்குவதென்று சந்தைப் பக்கம் ஒருவரிடம் சொல்லிவைத்தார். அம்மா டாக்டருக்குச் சொல்லி அனுப்ப, செவ்வாய்க்கிழமை அவரே கடைக்கு வந்துவிட்டார். கடை நிறைய ஆட்கள்.

“மூண்டு மாசம் தாங்கோ, முதலாளி.”

“நான் ஏன் டாக்டர் பொறுக்கணும்?”

டாக்டர் வாய்க்குள் விரலை விட்டு, தன் மேல் முன்பல் நான்கையும் தட்டோடு கழற்றி, விரித்திருந்த பட்டுச் சேலையின் மேல் வைத்தார். சேலை வாங்க வந்திருந்த ஒரு அம்மாள் அலறிக்கொண்டு எழுந்தாள்.

“எனக்கும் இந்தப் பிள்ளையின்ர வாய்தான்,” என்றார் பொக்கை வாயால். “பத்து வயசில பிடுங்கிப் போட்டினம். எங்கட வீட்டில ஒருத்தரும் பொறுக்கேல்லை.”

அப்பா அந்தப் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். புதன்கிழமை நான் பள்ளிக்கூடம் போனேன்.

இரண்டாம் மாதம் எனக்கு அகோரப் பசி எடுத்தது. ஒரு டக் பிரிந்தது. மூன்றாம் மாதம் இன்னொன்று. இந்த முறை கள்ளமில்லை. கோட்டுக்கு மேல் என் தலை இரண்டு விரல் நின்றதைக் கண்டதும் டாக்டர் படியிறங்கி ஓடி, வீதியில் போனவர்களுக்கெல்லாம் சொன்னார். பிறகு சிவப்பு ரப்பரில் ஒரு தட்டுச் செய்து வாயில் மாட்டினார். ஒன்றரை வருஷம் வாழைப்பழத்தை வாயில் வைத்தவள் மாதிரிப் பேசினேன்.

கடைசி நாள் தட்டைக் கழற்றிவிட்டு, முகம் பார்க்கும் கண்ணாடியைக் கையில் தந்தார்.

“எங்கை, உதட்டை மூடுங்கோ பாப்பம்.”

மூடினேன். மூடிவிட்டது! உடனே சிரிப்பு வந்து உதடு பிரிந்துவிட்டது. மறுபடி மூடப் பார்த்தேன். மறுபடியும் சிரிப்பு. கண்ணிலிருந்து தண்ணீர் வேறு கொட்டியது.

“பொறுங்கோ, டாக்டர்,” என்றேன்.

அவர் கதிரையை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்து, பொறுத்தார்.