ஏழாவது கேலிச்சித்திரம் கிடைத்த விவரம்

அன்புத் தங்கை ஹில்டாவுக்கு,

அண்ணன் டெஸ்மண்ட் ஆசிகளுடன் எழுதுவது. உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? மாப்பிள்ளையின் ரோஜாச் செடிகள் சௌக்கியமா? இங்கே நாங்கள் நலம், மழையும் நலம். மரியாதையெல்லாம் முடிஞ்சுது. இனி விஷயம். ஏழாவது படம் கிடைச்சுடுச்சு ஹில்டா!

போர்க்காலத்தில் டிரிங்கம் வரைந்த பன்னிரண்டு கேலிச்சித்திரங்களில் பதினொன்று என் சுவரில் இருப்பதும், ஏழாவதுக்காக இருபத்திரண்டு வருஷமாக நான் நாயாய் அலைவதும் உனக்குத் தெரியும். சனிக்கிழமை தேவாலயக் கூடத்தில் பழைய சாமான் விற்பனை. உன் அண்ணி பெரில் டீக்கோப்பை பார்க்கப் போனாள், நான் சும்மா ஒரு தலையணை உறைக் குவியலைத் தள்ளினால், அடியிலே அதுவேதான்! படத்திலே வீடு மொத்தமும் குண்டில் போயாச்சு, வாசக்கதவு மட்டும் நிக்குது, அதைத் தட்டிக்கிட்டு நிக்கிறான் தீயணைப்புக்காரன். இடிபாட்டு நடுவிலே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற வீட்டுக்கார அம்மா சொல்றா, "காலைத் துடைச்சுட்டு உள்ள வாப்பா, இப்பதான் பெருக்கினேன்!" எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது. கையை நீட்டறேன், எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு கை! யாருங்கிறே? ஹார்கிரீவ். பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு அதே ஏழாவதைத் தேடுகிற மகானுபாவன்.

"அடடா, நீங்க எடுத்துக்குங்க டெஸ்மண்ட்"ன்னார். "சேச்சே, நீங்கதானே முதல்ல பாத்தீங்க"ன்னேன். "இல்லவே இல்ல, நீங்க எடுத்துக்குங்க." நம்ம ஊர் வழக்கம் உனக்குத் தெரியாதா, மூணு தடவை மறுத்தப்புறம்தான் எதையும் தொடலாம். நான் மறுத்தது ஒரே தடவை. இரண்டாவதுக்கு வாயைத் திறந்தேன், என்ன பூதம் புகுந்துதோ, "நீங்க இவ்வளவு சொல்றப்போ சரி"ன்னு படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கிட்டேன்! பாதிரியாரின் மனைவி ஊத்தின டீ கோப்பை நிரம்பி மேஜையெல்லாம் ஓடுது. பெரில் என் காதுக்குள்ளே, "இனிமே எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இங்க வருவேன்?"ன்னு சீறினாள். ஹார்கிரீவ் முகம் வெளுத்து, "ரொம்ப சந்தோஷம்"னு மட்டும் சொன்னார். நம்மவர்களிடம் அதைவிடப் பெரிய வசவு கிடையாது. போகட்டுமே! மானம் போனா என்ன, படம் வந்துச்சே!

மாட்டியாச்சு. பன்னிரண்டும் வரிசையா! ஞாயிற்றுக்கிழமை அவசியம் கிளம்பி வா. மாப்பிள்ளைக்கு என் அன்பு. உன் வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
இங்கிலாந்திலேயே சந்தோஷமான மனுஷன்,
உன் அண்ணன் டெஸ்மண்ட்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது ஹார்கிரீவ் வந்தார். பெருந்தன்மையா வாழ்த்தினார். ஏழாவது முன்னாலே நின்னு கண் கலங்கிட்டார் பாவம். எனக்கு மனசு கேக்கல. வாய்ப் பழக்கத்தில், "அவ்வளவு பிடிச்சிருந்தா நீங்களே வச்சுக்குங்களேன்"ன்னு சொல்லித் தொலைச்சேன். மூணு தடவை மறுப்பார்னு நம்பி நின்னுக்கிட்டிருக்கேன். "நீங்க இவ்வளவு சொல்றப்போ சரி"ன்னார். ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம். ஆணிதான் இருக்கு.