பென்குயின் மன்றாட்டுமாலை

பெருமதிப்புக்குரிய வின்சன்ற் அண்ணைக்கு,

இயேசுவுக்குப் புகழ். தாங்களும் வேரோனிக்கா மச்சாளும் மகன் மரியோவும் மாதாவின் காவலில் சுகமாயிருக்க மன்றாடி எழுதுவது தங்கை நிரோஷினி. போனில் சொன்னால் மச்சாள் ஸ்பீக்கரில் போடுவா. அதுதான் கடிதம்.

அண்ணை, எனக்கு ஒரு உதவி வேணும். எங்கடை ஸ்டெபனி மூன்றாம் வகுப்பிலை பென்குயினைப் பற்றி ஆங்கிலத்திலை பேசிக் காட்டவேணும். உங்கடை மரியோவின்ரை மார்க்கம் நகரத்துப் பள்ளிக்கூடத்திலை ஆங்கிலம் பேசப் பழக்கவெண்டே கிழமைக்கு இரண்டுதரம் வகுப்பு இருக்கு. எங்கடை ஸ்காபரோப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு ரீச்சர் இரண்டு கிழமைக்கொருக்கால் வாறா. கொப்பியிலை குறிச்சு வைச்சிருக்கிறன், செப்டெம்பரிலை இருந்து பிள்ளைக்குக் கிடைச்சது முப்பத்தெட்டு நிமிடம், அதிலையும் ஒன்பது நிமிடம் ஃபயர் அலாம். சரி, நானே பழக்குவம் எண்டு வெளிக்கிட்டன். எனக்குத் தெரிஞ்ச மேடைப்பேச்சு, வெள்ளிக்கிழமையளிலை எங்கடை கட்டடத்திலை நான் முன்னுக்கு நிண்டு வரிவரியாச் சொல்ல, சனம் ஒவ்வொரு வரிக்கும் மறுமொழி சொல்லுற மன்றாட்டுமாலைதானே, பிள்ளையும் அந்த இராகத்தையே பிடிச்சிட்டாள். வகுப்பிலை கைகூப்பி நிண்டு, "பென்குயின் பறக்காது" எண்டு இழுத்துச் சொல்லிப்போட்டு மறுமொழிக்குக் காத்து நிண்டிருக்கிறாள். "பென்குயின் முட்டையைக் காலிலை வைச்சு அடைகாக்கும்." திரும்பவும் காத்து நிண்டிருக்கிறாள். அவளோடை படிக்கிற, எங்கடை கோயில் பங்குப் பெடியன் றோய், பழக்கதோஷத்திலை, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!" எண்டிட்டான். வகுப்பு ரீச்சர் என்னைக் கூப்பிட்டு, "பிள்ளைக்குப் பேச்சுத் தடைப்படுது, அடுத்தமுறையும் இப்படியெண்டால் உதவிக் குழுவிலை போடுவம்" எண்டா. அந்தக் குழுவுக்குப் போன பிள்ளை திரும்பி வந்ததை நான் காணேல்லை அண்ணை. "அவள் தடைப்படேல்லை, நீங்கள்தான் பதில் சொல்லேல்லை" எண்டு சொல்லுறதுக்கு எனக்கு ஆங்கிலம் வந்தது பஸ்ஸிலை ஏறின பிறகுதான்.

அதாலை உங்கடை விலாசத்தைக் குடுத்துப் பிள்ளையை மார்க்கத்திலை சேர்ப்பம். நாங்களும் அங்கைதான் இருக்கிறமெண்டு காட்ட, என்ரை பேரையும் போட்டு ஒரு கரண்ட் பில் எடுத்து அனுப்புங்கோ. பொய்தான். முற்கூட்டியே பாவசங்கீர்த்தனம் செய்யலாமோ எண்டு பாதரிட்டைக் கேட்டன். "செய்துபோட்டு வாங்கோ" எண்டார். அது உத்தரவோ கண்டிப்போ, இன்னும் விளங்கேல்லை.

உங்கள் மூவருக்கும் மாதாவின் ஆசீர் உண்டாவதாக. மச்சாளுக்கு இதை வாசிச்சுக் காட்டவேண்டாம்.

இப்படிக்கு,
அன்புத் தங்கை
நிரோஷினி

பி.கு.: முத்திரை ஒட்டமுன்னம் ஸ்டெபனி வந்திட்டாள். இண்டைக்குத் திரும்பப் பேசினவளாம். முதலே வகுப்பைப் பார்த்து, "நான் நிப்பாட்டேக்கை நீங்கள் 'பாவம் பென்குயின்' எண்டு சொல்லவேணும்" எண்டாளாம். வருசம் முழுக்க வாய் திறக்காததுகளும் சேர்ந்து சொல்லிச்சுதுகளாம். ரீச்சர் உதவிக் குழுவிலை போடேல்லையெண்டு எழுதி அனுப்பியிருக்கிறா. இதுக்கிடையிலை மச்சாள் அழுதுகொண்டு போன் எடுத்தா. அந்தக் கிழமைக்கு இரண்டுதர வகுப்பிலை மரியோ மேசைக்குக் கீழை இருந்துகொண்டு வெளியிலை வரமாட்டானாம். அண்ணை, பில் வேண்டாம். வெள்ளிக்கிழமை மன்றாட்டுமாலைக்கு மரியோவை இஞ்சை அனுப்புங்கோ.