மல்லாந்த ஆவுளியா

எங்கள் மாவட்டத்தில் பறக்கும் கொடிகளில் பாதி, எங்கள் தெரு ‘எல்லாக்கட்சி’யின் தையல் மெஷினில் பிறந்தவை. அபிராமத்திலிருந்து பிழைக்க வந்தவர். ஒரே நாளில் மூன்று எதிரிக் கட்சிகளுக்குத் தைப்பார்; தேர்தலில் யார் தோற்றாலும் துக்கம் விசாரிக்கப் போவார்.

அவருக்கு ஒரே கவலை. “நான் செத்தா எந்தக் கொடியப் போத்துவீக? ஒண்ணப் போத்துனா மத்தவுக கோவிச்சுக்குவாக. ஊருக்குன்னு பொதுவா ஒண்ணு இருந்தாத்தேன் நிம்மதியாப் போவேன்.”

நகராட்சிக்கு அதிகாரபூர்வக் கொடி வேண்டும் என்று பேச்சு வந்ததும், முதல் ஆளாகத் துணியோடு போய் நின்றார். சிவப்பைக் காட்டினார், ஒரு கவுன்சிலர் எழுந்தார். பச்சைக்கு இன்னொருவர். மஞ்சள், நீலம், கறுப்பு எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது. வெள்ளை?

“நம்ம என்ன சரணடையவா போறோம்?” என்றார் நகராட்சித் தலைவர்.

கடைசியில் கருப்பட்டி நிறம் தப்பியது. நடுவில் ஆவுளியா; கடற்பசுவுக்கு எங்கள் பக்கத்துப் பெயர். அது எந்தக் கட்சிக்கும் சின்னமில்லை. தலைவர் மட்டும் மீசையைத் தடவியபடி நெடுநேரம் பார்த்தார்.

“மூஞ்சி யாரையோ மாதிரி இருக்கே.”

“இதுக்கு மீசை இல்லைங்கய்யா,” என்றார் எல்லாக்கட்சி. ஒப்புதல் கிடைத்தது.

கொடியேற்றம் காலை எட்டு மணிக்கு. தைத்தே பழகியவருக்குக் கம்பத்தில் கட்டத் தெரியாது. பூ வைத்து மடித்து, புதுமடத்துப் படகுக்காரர் ஒருவரிடம் கொடுத்தார். அவர் கடலில் போடும் முடிச்சைப் போட்டார். இழுக்க இழுக்க இறுகுவது. தலைவர் இழுத்தார். உச்சியில் பொட்டலம் நின்றது. பேண்டு வாசித்தார்கள். பொட்டலத்துக்கே எல்லோரும் சல்யூட் அடித்தோம்.

“ஏலே, என்ன முடிச்சுடா போட்ட?” என்றார் எல்லாக்கட்சி.

“புயலடிச்சாலும் அவுறாதுண்ணே,” என்றார் படகுக்காரர், பெருமையாக.

பிறகு அவரே கத்தியோடு ஏறி அறுத்தார். பூ கொட்டியது. கொடி தலைகீழாக விரிந்தது. ஆவுளியா மல்லாந்து கிடந்தது.

தலைவர் அசரவில்லை. “அது ஓய்வெடுக்குது. நம்மூரு அமைதிக்கு அடையாளம்,” என்று மைக்கில் அறிவித்தார். மறுநாள் பேப்பரில் அப்படியே வந்தது. அடுத்த கூட்டத்தில் அப்படியே தீர்மானமும் ஆனது. இனி நகராட்சிக் கொடியில் ஆவுளியாவை மல்லாத்தித்தான் தைக்க வேண்டும்.

எல்லாக்கட்சி தைத்தார். ஒவ்வொரு தடவையும் ஊசி இறங்குமுன் துணியைத் தடவிக் கொடுப்பார்.

“கோவிச்சுக்காத ஆத்தா. மேலிடத்து உத்தரவு.”

போன ஐப்பசியில் அவர் இறந்தார். நகராட்சியிலிருந்து கொடி வந்தது. எல்லாக் கட்சிக்காரர்களும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள். யாரும் சொல்லவில்லை; ஆவுளியாவை நேராகத் திருப்பிப் போர்த்தினோம்.