நிற்கவைத்த பெரியவருக்கு ஒரு பீப்பாய் தண்ணீர்

டிரே தாவா, கெசிரா
ஞாயிறு காலை

பேரன்பும் பெருமதிப்பும் உடைய வொந்திராத் அண்ணன் அவர்களுக்கு, ரயில்வேயில் முப்பத்தொரு வருஷம் உங்களோடு ஒரே தட்டில் இஞ்செரா அப்பம் பிட்டுத் தின்ற ஷிமெல்லிஸ் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு யாவரும் நலம். அங்கும் நலமா என்று வழக்கப்படி கேட்க எனக்கு வாயில்லை. உங்கள் நலத்தைக் கெடுத்தவனே நான்தான் என்று ஊரே பேசுகிறது.

காய்ச்சல் விட்டதா அண்ணா? மாத்திரையை வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். உங்கள் வீட்டு அம்மாள் சந்தையில் என் மனைவி எத்தெனேஷைப் பார்த்து, "மூணு பெரிய மனுஷங்களைப் படுக்க வெச்ச வீடு அது. உன் புருஷன் கண்ணு பொல்லாத கண்ணு. அந்தச் சம்பந்தமே எங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்களாம். அதைக் கேட்டதிலிருந்து என் மகள் மஹ்லெட் சாப்பிடவில்லை. அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

உங்கள் தங்கை மகன் சுராபேல் சுகாதாரப் பிரிவிலிருந்து வாராவாரம் வெள்ளைக் கரண்டியோடு வந்து என் சிமெண்டுத் தொட்டியைக் கிளறியபோது, அடடா என்ன கடமை உணர்ச்சி என்றுதான் நினைத்தேன். அவன் மொண்ட தண்ணீரை ஒரு தரம் பார்த்தால் என் பெண்ணை மூன்று தரம் பார்த்ததை நான் கவனிக்கவில்லை. ஒருநாள், "ஐயா, மலேரியாக் கொசுப்புழு இருக்கு. தொட்டிக்கு மூடி போடுங்க" என்றான். எனக்குச் சுருக்கென்றது. ரயில்வே தண்ணீர்த் தொட்டிகளைக் கட்டி மேய்த்தவனிடமா! "என் தண்ணியில முகம் பார்த்துத் தலை வாரலாம்டா" என்றேன். "அதனாலதான் ஐயா அதுக்குப் பிடிச்சிருக்கு. சாக்கடை பக்கமே போகாது. இப்படிச் சேத்து வெச்ச நல்ல தண்ணியாப் பாத்துத்தான் குடியேறும். எங்கிருந்தோ கடல் தாண்டி வந்த ஜாதி இது" என்றான். மலேரியா என்பது மழைக்காலத்தில் கிராமத்தில் வருவது, நடுக்கோடையில் பட்டணத்தில் ஏது என்று கேட்டு அவனைக் கரண்டியோடு விரட்டினேன். குழாய் எட்டு நாளுக்கு ஒருமுறை வரும் ஊரில் தண்ணீர் பிடித்து வைக்காதே என்றால் யாருக்குத்தான் கோபம் வராது, நீங்களே சொல்லுங்கள்.

அடுத்த ஞாயிறே அவனுக்காகப் பெண் கேட்டு நீங்கள் மூவரும் வந்து என் முற்றத்தில் நின்றீர்கள். பதில் கிடைக்கும்வரை பெரியவர்கள் உட்காரக் கூடாது, பெண்ணைப் பெற்றவன் லேசில் இறங்கக் கூடாது. அதுதானே நம் முறை. நானும் முறுக்கிக்கொண்டு ஏழு தலைமுறைப் பெயரைக் கேட்டேன். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நீங்கள் மூன்றாவது பாட்டனார் பேரைச் சொல்லும்போது காலை மாற்றி மாற்றி வைத்தீர்கள். ஐந்தாவது பாட்டனாரில் ஒரு காலால் மறு காலைத் தேய்த்தீர்கள். என் கேள்வி நன்றாகத் தைக்கிறது என்று நினைத்து, பாவி நான், பாட்டிமார் பேரையும் கேட்டேன்! கௌரவத்தை விட்டு ஒருவராவது குனிந்து தன் காலில் படீரென்று ஓர் அடி அடித்திருக்கக் கூடாதா? எத்தெனேஷ் உள்ளேயிருந்து, "கேக்கறவருக்கு நம்ம ஏழு தலைமுறை தெரியுமாக்கும்? நாலாவதுலயே முட்டிக்கிட்டு நிப்பீங்க" என்றாள். அது உங்கள் காதில் விழுந்திருக்காது என்று நம்புகிறேன்.

"ஒரு வாரம் கழித்து வாருங்கள்" என்றேன். வந்தீர்கள், அதே நேரம், அதே முற்றம், அதே நிற்றல். மறுபடி ஒரு வாரம் என்றேன். ஐந்தாம் நாள் உங்கள் மூவருக்கும் குளிர்க்காய்ச்சல் என்றார்கள். ஓடிவந்து, வெறும் ஜலதோஷம் என்று பூண்டும் தேனும் கொடுத்தேனே, அந்த மடையனும் நான்தான். சுராபேல் ரத்தப் பரிசோதனைக்கு இழுத்துப் போனதால் பிழைத்தீர்கள். அப்புறம்தான் அவன் எனக்கு விளக்கினான்: இந்தக் கொசு ஆள் வலைக்குள் போய்ப் படுக்கும்வரை காத்திருப்பதில்லையாம், பொழுது சாயும்போதே வெளியில் வைத்துக் கடிக்குமாம். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதுமாம். ஆக, நான் உங்களுக்குக் கொடுத்த தவணையை அதுவும் பயன்படுத்திக்கொண்டது. முறையாக ஆள் அனுப்பிப் பெண் கேட்டவனை நிற்கவைத்தேன், கேட்காமல் வந்த கொசுப் பெண்ணுக்குத் தொட்டி கட்டிக் கொடுத்தேன். இதில் என் கண்ணுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை என்று வீட்டு அம்மாளிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

இப்போது தொட்டிக்குத் தகர மூடி போட்டு, அதன்மேல் கல்லும் வைத்தாயிற்று. உங்கள் தெருவில் பத்து நாளாகக் குழாய் வரவில்லை என்று கேள்விப்பட்டு, கொல்லையில் நான் மூன்று வாரமாகச் சேர்த்து வைத்திருந்த இரண்டு நீலப் பீப்பாய்களில் ஒன்றை விடிந்ததும் கழுதை வண்டியில் அனுப்பியிருக்கிறேன். என் மன்னிப்பாக ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் முறை முறைதான். உடம்பு தேறியதும் மூன்றாம் தடவையும் வந்து நிற்கத்தான் வேண்டும். பெண்ணைப் பெற்றவன் அதற்கு முன் சம்மதம் சொன்னான் என்ற பேர் எனக்கு வேண்டாம்.

உங்களை நிற்கவைத்த இரண்டு நாளும் எனக்குத் தூக்கமில்லை, வொந்திராத் அண்ணா. நீங்கள் யாரோ போல என் முற்றத்தில் நின்றது எனக்குத் தாங்கவில்லை. கடவுள் உங்களுக்கு என் ஆயுளிலும் கொஞ்சம் எடுத்துக் கொடுக்கட்டும். அம்மாளுக்கு என் பணிவான வணக்கம், எவ்வளவு தூரத்தில் நின்று ஏற்றுக்கொண்டாலும் சரி.

என்றும் தங்கள்
ஷிமெல்லிஸ்

பி.கு.: கடிதத்தைக் கொண்டுவர சுராபேலைக் கூப்பிட்டேன். வந்தவன் பழக்கதோஷத்தில் மிச்சமிருந்த நீலப் பீப்பாயில் கரண்டியை விட்டான். "இன்னொண்ணு எங்கே?" என்று மஹ்லெட் கேட்டாள். சொன்னேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. அண்ணா, அந்தப் பீப்பாயை முற்றத்தில் வைக்காதீர்கள், உடனே கவிழ்த்துவிடுங்கள். கொட்ட மனம் வராவிட்டால் சுராபேலே துணி கட்டி வடித்துத் தருவான். அதில் இருக்கும் புழுக்கள் நாளைக்கே கொசுவாகிப் பறந்துவிடுமாம். மூன்றாம் தடவை நீங்கள் வர வேண்டாம். சம்மதம், சம்மதம், சம்மதம். மூன்றுக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். நாளைப் பட்டப்பகலில் நானே அங்கு வருகிறேன். பெண்ணைப் பெற்றவன் போய் நிற்பது வழக்கமில்லை, தெரியும். நீங்கள் "உக்காருப்பா" என்று சொல்லும்வரை உங்கள் முற்றத்தில் நிற்பேன். என்ன கடித்தாலும் காலை மாற்றி வைக்க மாட்டேன்.