குட்டைத் துப்பாக்கியும் கீழ்மேய்ச்சலும்

பேரன்புக்குரிய வெர்னா அத்தைக்கு,

அன்னலீஸ் எழுதுவது. அல்புகர்க்கியில் நீங்களும் மாமாவும் சுகமாக இருப்பீர்கள், மாமாவின் முழங்கால் இந்தக் குளிரைப் பொறுத்துக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே அம்மா சுகம், நான் சுகம், நாய் சுகம். அப்பாவைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போனில், "என்னடி, உங்கப்பனுக்கு இந்த வயசுல துப்பாக்கிப் பைத்தியம் பிடிச்சிருக்காமே?" என்று கேட்டீர்கள். நான் "ஆமாம் அத்தை" என்று மட்டும் சொன்னேன். சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். மார்ச்சில் அறுவை சிகிச்சை செய்த அவருடைய வலது தோள் சரியாகவில்லை. அந்தக் கை காதுக்கு மேலே போவதில்லை. காப்பிப் பாத்திரத்தை இடது கையால்தான் தூக்குகிறார். பாதி கோப்பைக்கும் பாதி மேசைவிரிப்புக்கும் போகிறது. பழைய துப்பாக்கியை அவரால் இனி தூக்கிப் பிடிக்க முடியாது, பிடித்தாலும் அதன் உதையைத் தோள் தாங்காது. நீங்கள் கேட்ட நேரத்தில் அவர் சமையலறையில் என் பக்கத்திலேயே நின்றார், ஒட்டுப்பலகையில் தானே அறுத்துச் செய்த துப்பாக்கியை இடது தோளில் பதித்து, எங்கள் குளிர்பதனப் பெட்டியைக் குறிபார்த்தபடி. அதனால் சொல்லவில்லை.

வசந்தத்தில் நீங்கள் சொன்னது நியாயம்தான் அத்தை, நான் மறுக்கவில்லை. நிலத்தில் பாதி உங்களுடையது. கீழ்மேய்ச்சலைக் காட்டுப்பன்றிகள் ஏர் பூட்டி உழுததுபோல் உழுது போட்டிருக்கின்றன, ஓட்ஸ் விதைத்த இடத்தில் ஓட்ஸைத் தவிர எல்லாம் முளைக்கிறது, புல் அறுக்கும் இயந்திரம் குழியில் இறங்கி அச்சை முறித்துக்கொண்டது. நன்றித் திருநாளுக்குள் தம்பி டெல்மர் பன்றிகளை ஒழிக்கட்டும், இல்லையென்றால் வேட்டைக்குத்தகை கேட்டு வருஷாவருஷம் எழுதுகிற அந்த ஹூஸ்டன் பல் டாக்டருக்கு விட்டுவிடலாம் என்றீர்கள். அப்பா அன்று ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்: "நான் நடமாடிக்கிட்டு இருக்கற வரைக்கும் வெளியூர்க்காரன் ஒருத்தன் அந்தக் கேட்டைத் தாண்டமாட்டான்." மறுநாளே தோளுக்குப் பயிற்சி கொடுக்கிற இடத்தில் காத்திருந்தபோது ஏதோ ஒரு பத்திரிகையில் புல்பப் துப்பாக்கியைப் பார்த்துவிட்டார். அதிலிருந்து எங்கள் வீட்டில் வேறு பேச்சு இல்லை.

உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பதால் சொல்கிறேன். எனக்கு இது இப்போது தூக்கத்திலும் வருகிறது. சாதாரணத் துப்பாக்கியில் தோட்டா அடைத்த மேகசின் விசைக்கு முன்னால் இருக்கும். புல்பப்பில் அது விசைக்குப் பின்னால், தோளில் பதிக்கிற கட்டைக்குள்ளேயே இருக்கும். அதனால் குழலின் நீளம் குறையாமல் மொத்தத் துப்பாக்கியும் குட்டையாகிவிடுகிறது. நல்லது என்னவென்றால் டிரக்கின் இரண்டு இருக்கைகளுக்கு நடுவே நிற்கும், பாரம் முழுக்கத் தோளோடு ஒட்டி உட்கார்வதால் பலமில்லாத கையாலும் பிடிக்கலாம். கெட்டது என்னவென்றால் விசை கொழகொழ என்று இருக்கும், வெடிக்கிற சத்தம் காதுக்குப் பக்கத்திலேயே கேட்கும், மேகசினை மாற்ற அக்குளைத் தடவ வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது வலது கைக்காரருக்கென்று செய்தது. இடது தோளில் வைத்துச் சுட்டால் வெளியே தெறிக்கிற சூடான வெற்றுத்தோட்டா நேராகக் கன்னத்தில் வந்து அறையும். இதைக் காலைச் சாப்பாட்டின்போது நல்லதிலிருந்து கெட்டதுக்கும் கெட்டதிலிருந்து நல்லதுக்கும் கேட்டுவிட்டு நான் நூலகத்துக்கு வேலைக்குப் போவேன். சாயங்காலம் திரும்பினால் அவர் விட்ட இடத்தில் இருப்பார்.

பாரம் எப்படி உட்காரும் என்று பார்க்கத்தான் அந்த ஒட்டுப்பலகைத் துப்பாக்கி. பின்பக்கம் கனமாக இருக்க வேண்டும் என்பதற்காக அதில் ஒரு பீன்ஸ் டப்பாவைக் கம்பியால் கட்டியிருக்கிறார். போதவில்லை என்று இன்னொரு டப்பாவையும் கட்டினார். அம்மா அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, "சாயங்காலத்துக்கு என்னத்த ஆக்கறது? உங்க துப்பாக்கியத்தான் வேகவைக்கணும்" என்றாள். அப்பா கொஞ்சம்கூட அசையாமல், "லோரீன், இப்பத்தான் சரியா உக்காந்திருக்கு, கழட்டச் சொல்லாத" என்றார். அன்று முட்டைதான்.

பிறகு தீயணைப்புத் தொண்டர்களின் மீன் விருந்து. எல்லோரும் எல்ராய் க்னாப்பின் டிரக்குப் பின்னால் கூடி நின்றார்கள். எல்ராயை உங்களுக்குத் தெரியும், நம் வேலிக்கு அந்தப் பக்கத்துக்காரர்.

"என்ன டெல்மர், அந்தக் குட்டைச் சனியன வாங்கிட்டியா இல்லியா?"

"யோசிச்சுக்கிட்டே இருக்கேன். இடது பக்கம் வெச்சா வெத்துத்தோட்டா கன்னத்துல அடிக்குமாம்."

"அடிச்சா அடிக்கட்டும். இப்ப மட்டும் உன் மூஞ்சி என்ன பாக்கற மாதிரியா இருக்கு?"

"விசைய இழுத்தா பக்கத்து ஊர்ல மணி அடிக்கற மாதிரி இருக்கும்பாங்க" என்றார் இன்னொருவர்.

"பாக்கறதுக்கே சுவத்துல ஓட்டை போடற மெஷினாட்டம் இருக்கு. அதப் பாத்தா பன்னி சிரிச்சே செத்துரும்."

"அப்ப நல்லதுதானடா, தோட்டா மிச்சம்" என்றார் அப்பா.

கெளுத்தி மீன் ஆறுகிற வரை இது ஓடியது. அங்கே நின்றவர்களில் ஒருவர்கூட புல்பப்பை வைத்திருந்ததில்லை, ஒருவர்கூட அதைச் சுட்டதில்லை. நான் உருளைக்கிழங்குத் தட்டோடு ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் புரிந்தது. நம் ஊரில் ஒரு ஆண்பிள்ளையிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. துப்பாக்கியைப் பற்றிக் கேட்கலாம், டிரக்கைப் பற்றிக் கேட்கலாம், நாயைப் பற்றிக் கேட்கலாம். எல்லோரும் அப்பாவின் தோளைத்தான் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். கிளம்பும்போது எல்ராய், "உன் டிரக்கோட பின்கதவுல ஏதோ சத்தம் வருதே, இரு பாக்கறேன்" என்று வந்து, கதவை ஒருமுறை ஆட்டிவிட்டு, அப்படியே எங்கள் ஐஸ் பெட்டியையும் தூக்கி உள்ளே வைத்துவிட்டுப் போனார். கதவில் எந்தச் சத்தமும் கிடையாது.

துப்பாக்கிக் கடைக்கும் போனோம் அத்தை. அதையும் நான் போனில் சொல்லவில்லை. அங்கே விற்பனை பார்க்கிற பெண் ஷெல்பி என்னைவிடச் சின்னவள். "இடது கைப் பழக்கமா சார்?" என்று கேட்டாள். அப்பா, "இல்ல... இப்போதைக்குத்தான்" என்றார். அவள் ஒரு புல்பப்பை எடுத்துக் கொடுத்தாள். அப்பா இடது தோளில் பதித்தார். பாரம் அவர் சொன்ன இடத்திலேயே போய் உட்கார்ந்தது. சுவரில் மாட்டியிருந்த பாடம் செய்த மான் தலையை நோக்கி வெகுநேரம் அப்படியே நின்றார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன், வாங்கிவிடுவார், இனி காலையில் நிம்மதியாகக் காப்பி குடிக்கலாம் என்று. அவர் அதை மெதுவாகக் கீழே வைத்தார். "விசை சரியில்ல. சத்தம் ஜாஸ்தி. வெத்துத்தோட்டா வேற" என்று அவளுக்குப் பாடம் நடத்தத் தொடங்கினார். ஷெல்பி பாவம், பொறுமையாக, "சார், நீங்களே வேண்டாம்னு சொல்ல இவ்வளவு தெரிஞ்சு வெச்சிருக்கீங்க, நான் என்னத்த விக்கறது?" என்றாள். அதை வாங்கிவிட்டால் பழைய துப்பாக்கி முடிந்துபோனது என்று ஆகிவிடும். எடைபோட்டுக்கொண்டே இருக்கிற வரையில் எதுவும் முடியவில்லை. நான் எத்தனையோ புத்தகம் படித்தவள் என்று பெயர். இது புரிய எனக்கு ஒரு கோடைகாலம் முழுக்கத் தேவைப்பட்டது.

இனிதான் முக்கியமான விஷயம். செப்டம்பரில் வீட்டில் பியர் காணாமல் போகத் தொடங்கியது. அப்பா என்னைச் சந்தேகப்பட்டார். நான் அப்பாவைச் சந்தேகப்பட்டேன். ஸ்ட்ராபெரி ஜெல்லித்தூள் பொட்டலங்களும் காலியாகிக்கொண்டே இருந்தன. அதைத் தேவாலய விருந்துக்கு என்று நினைத்துக்கொண்டேன். நீங்கள் போன் செய்த மறுநாள் விடியற்காலையில் கீழ்மேய்ச்சலிலிருந்து உலகம் முடிந்துபோகிற மாதிரி ஒரு கூச்சல். அப்பா படுக்கையிலிருந்து எழுந்து கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடினார், நான் பின்னால் ஓடினேன். ஓக் மரத்தடியில் அம்மா இரவு உடையும் ரப்பர் பூட்ஸுமாக நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால், பழைய மாட்டுப்பட்டிக் கம்பித்தட்டிகளை வட்டமாக நிறுத்திக் கட்டிய கூண்டு. கூண்டு நிறையப் பன்றி. பியரில் ஊறப்போட்ட சோளத்தில் ஜெல்லித்தூளைக் கலந்து வைத்து, கதவைத் திறந்தே போட்டுப் பல நாள் அவற்றைப் பழக்கி, அன்றுதான் கதவைச் சாத்தியிருக்கிறாள். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பா ஓடி வந்து நின்றார். அவர் கையில் இருந்தது ஒட்டுப்பலகைத் துப்பாக்கி.

அம்மா அதைப் பார்த்தாள். "அத வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க? அதுங்களுக்கு பீன்ஸ் போடப் போறீங்களா?"

நான் சிரித்துவிட்டேன். அப்பா சிரிக்கவில்லை. பன்றிகளை உயிரோடு வாங்கிப்போகிறவர் வண்டியோடு வந்து ஏற்றிக்கொண்டு போகும்வரை வேலியோரமாகவே நின்றார். அதற்குப் பிறகு காலையில் புல்பப் இல்லை, நல்லது இல்லை, கெட்டது இல்லை. காப்பியை மேசைவிரிப்பில் ஊற்றுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. அம்மா பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாகக் கழுவுகிறாள். இத்தனை நாள் எந்தப் பேச்சு நின்றால் போதும் என்று இருந்தேனோ, அது நின்றுவிட்டது. வீட்டில் உட்கார முடியவில்லை.

ஆகவே அத்தை, உங்களிடம் இரண்டே வேண்டுகோள். பன்றிப் பிரச்சினை தீர்ந்தது, அம்மாவின் கூண்டு வேலை செய்கிறது, கீழ்மேய்ச்சலை அந்தப் பல் டாக்டருக்குக் கொடுக்கத் தேவையே இல்லை. தயவுசெய்து அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள். வெளியூர்க்காரர்கள் சனிக்கிழமை தோறும் அந்தக் கேட்டைத் திறந்துகொண்டு போவதைப் பார்த்தால் அப்பா உடைந்துபோவார். இன்னொன்று, நீங்கள் அப்பாவுக்கு ஒரு போன் செய்ய வேண்டும். தோளைப் பற்றி மறந்தும் கேட்காதீர்கள். "என்னடா டெல்மர், அந்தக் குட்டைத் துப்பாக்கி என்னதான் ஆச்சு?" என்று மட்டும் கேளுங்கள். கேட்டுவிட்டு நாற்காலியில் வசதியாக உட்கார்ந்துகொள்ளுங்கள், நேரம் ஆகும்.

மாமாவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் அன்பு. உங்கள் எல்லோரையும் கடவுள் நோய்நொடி இல்லாமல் காக்கட்டும், எங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வைக்கட்டும்.

என்றும் உங்கள்
அன்னலீஸ்

பின்குறிப்பு: கடிதத்தை உறையிலிடும் முன்பே எல்லாம் மாறிவிட்டது. ஹூஸ்டன் பல் டாக்டர் இன்று மதியம் நிலத்தைப் பார்க்க வந்தார். வரச் சொன்னது நீங்கள் என்றார். அப்பா கேட்டுக்குக் குறுக்கே நின்றார். அந்த மனிதருக்கு நம் ஊர் வழக்கம் எதுவும் தெரியவில்லை. வண்டியிலிருந்து இறங்கியதும் இறங்காததுமாக, "என்ன சார், வலது தோள் போச்சா? எனக்கும் போச்சு. எப்ப கத்தி வெச்சாங்க?" என்று கேட்டுவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அப்பா பேசிக்கொண்டிருந்தார். தூக்கம் வராததை, சட்டைப் பொத்தானை அம்மா போட்டுவிடுவதை, கை இதற்கு மேல் தேறும் என்று எதிர்பார்க்காதீர்கள் என்று மருத்துவர் சொன்னதை. மருத்துவர் அப்படிச் சொன்னதை என்னிடமும் அம்மாவிடமும் அவர் சொன்னதே இல்லை. டாக்டர் வண்டியிலிருந்து ஒரு புல்பப்பை எடுத்தார், வெற்றுத்தோட்டாவைக் கீழ்நோக்கிக் கொட்டுகிற வகை. அப்பா இடது தோளில் வைத்து ஒரு தகரத்தைச் சுட்டார். வெற்றுத்தோட்டா அவருடைய பூட்ஸ் மேல் விழுந்தது. தகரம் அப்படியே இருந்தது. "ஒண்ணு மட்டும் சொல்றேன், விசை சரியில்ல" என்றார் அப்பா. "அதையேதான் நானும் சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றார் டாக்டர்.

கீழ்மேய்ச்சலை அப்பாவே அவருக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டார். அக்காவுக்கு நீயே எழுதிவிடு என்று அப்பா சொல்லிவிட்டார். துப்பாக்கி வாங்கவில்லை. டாக்டர் போட்ட ஒரே நிபந்தனைப்படி, சுடுவதற்குப் பன்றி வேண்டும் என்பதால், அம்மாவின் கூண்டைச் சாயங்காலமே பிரித்துவிட்டோம்.