கன்னத்துக் காப்பி

"கையை எடுங்க, ரத்தம் நிக்கட்டும்!" என்று இன்திஸார் காப்பித்தூளை டப்பாவோடு கணவரின் கன்னத்தில் கவிழ்த்து அப்பினாள்.

ஃபவ்வாஸ், ஸல்ட் நகரக் கடைத்தெருவில் குழாய் வியாபாரி. பேரத்தில் அவரை மடக்கியவர் கிடையாது. செருப்பைக் கவ்விய பக்கத்து வீட்டு அபூ தாமரின் நாயிடமும் குனிந்து பேரம் பேசப் போனார். நாய் கன்னத்தைப் பதம் பார்த்துவிட்டது.

"வாப்பா, சோப்புப் போட்டுக் கழுவணும்!" என்று மகள் ரீம் கத்தினாள். "முகத்துக் கடி, விஷம் மூளைக்கு ஏறிடும். இன்னிக்கே ஊசி போடணும்!"

"ஏறிட்டா?"

"அப்புறம் மருந்தே கிடையாது."

ஃபவ்வாஸ் துள்ளி எழுந்தார். மாலையில் சுகாதார நிலையத்தை மூடிவிடுவார்கள். அவர் தம்பி ஹானி அவசரத்தில் தலைச்சால்வையால் தாடையோடு சேர்த்து இறுக்கிக் கட்டினான். ரத்தம் நின்றது. பேச்சும் நின்றது.

வாசலில் இறங்கினால், வழியை மறித்துக் கார்கள். அபூ தாமர், அவர் மகன் தாமர், அங்கி போட்ட பெரியவர்கள் ஒரு பட்டாளம். முன்னால், ஊரில் எதற்கும் தூது பேசும் ஹாஜி மிஃப்லிஹ்.

'கடிச்ச ஈரம் காயல, மன்னிப்புக் கேக்க ஆள் திரட்டிட்டான்!' என்று பல்லைக் கடித்தார் ஃபவ்வாஸ். வந்தவர்களை நிறுத்திவிட்டுப் போனால் ஊரில் தலைகாட்ட முடியுமா? எல்லாரையும் உள்ளே கூட்டிவந்து உட்கார்ந்தார்.

"என்ன, பல்வலியா?" என்றார் ஹாஜி.

'நடிப்பைப் பாரு!'

கதவிடுக்கில் இன்திஸார் ஏதேதோ ஜாடை காட்டினாள். காப்பித்தூள் இல்லை என்கிறாள் போலும். இருந்ததெல்லாம் அவர் கன்னத்தில் அல்லவா? ஹானி கடைக்கு ஓடினான். பொழுது சாய்ந்தது.

காப்பி வந்ததும், ஹாஜி கோப்பையைத் தொடாமல் கீழே வைத்தார். மற்றவர்களும் வைத்தார்கள். வந்த காரியம் கைகூடாமல் ஒரு சொட்டும் குடிக்க மாட்டார்கள்.

"ஆதம் நபி காலந்தொட்டு..." என்று தொடங்கினார் ஹாஜி.

அவர் நூஹ் நபியின் கப்பலுக்கு வருவதற்குள் விஷம் புருவத்தைத் தாண்டிவிட்டதாக ஃபவ்வாஸுக்குத் தோன்றியது. எச்சில் விழுங்கிப் பார்த்தார். இறங்கியது, இன்னும் உயிர் மிச்சமிருக்கிறது. வாய் மட்டும் தெரியும்படி சால்வையை இழுத்துவிட்டார்.

"போதும் ஹாஜி! எதுக்கு வந்தீங்களோ அது முடிஞ்சுதுன்னு வச்சுக்குங்க. எனக்கு ஒண்ணும் வேணாம். குடிங்க! என்னை விடுங்க!"

ஹாஜியின் கண் கலங்கியது. "இப்படியொரு மனசை நான் பாத்ததில்லப்பா."

எல்லாரும் கையேந்தி ஃபாத்திஹா ஓதினார்கள். உள்ளே பெண்கள் குலவையிட்டார்கள். நாய்க்கடிக்குக் குலவையா என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை.

தாமர்தான் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் பறந்தான். கதவைச் சாத்தப்போன செவிலி, இழுத்துப் பிடித்து உட்காரவைத்தாள். அவள் காப்பியைச் சோப்புப் போட்டுக் கழுவக் கழுவ, ஃபவ்வாஸ் துடித்தார். பிறகு புண்ணுக்குள்ளேயே ஊசி இறங்கியது.

"இப்போதைக்குத் தையல் கிடையாது, திறந்தே இருக்கட்டும். மிச்ச ஊசிக்கும் தவறாம வாங்க. யார் வீட்டு நாய்?"

"இதோ நிக்கிறானே, இவங்க வீட்டு நாய்தான்! அதான் ஊரையே கூட்டிவந்து மன்னிப்புக் கேட்டாங்க. விட்டுக்குடுத்துட்டேன்."

தாமர் திருதிருவென்று விழித்தான்.

"எங்க நாயா கடிச்சுது? சத்தியமா எங்களுக்குத் தெரியாது மாமா... நாங்க ரீமைப் பொண்ணு கேக்கத்தானே வந்தோம்!"