நாலாவது தெரு நீரூற்றுத் திறப்பு விழா

குடிநீர் வழங்கல் அலுவலகத்தின் இயக்குநருக்கு ஒரே மாதத்தில் மூன்று கார்கள் பரிசு விழுந்தன. மூன்றுக்கும் மின்னஞ்சல் வந்தது, கார்தான் வரவில்லை. பொறுப்புள்ள எந்த அதிகாரியும் இதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். எனவே மெயில் சர்வரில் கோளாறு இருப்பதாகக் கருதப்பட்டு, மேற்படி கோளாறைச் சரிசெய்ய கம்ப்யூட்டர் மெக்கானிக் வரவழைக்கப்பட்டார்.

மெக்கானிக்கும் ஓடோடி வந்தார். காரணம் கார் அல்ல, அவருடைய அக்கா. நாலாவது தெருவில் அக்கா சலவைக் கடை வைத்திருக்கிறார். தெருமுனையில் பெரிய குழாய் உடைந்து தண்ணீர் மாடி உயரத்துக்குப் பீய்ச்சி அடிக்கிறது. கடைக் குழாயிலோ வெறும் காற்று. ஊரார் துணியெல்லாம் மூட்டை மூட்டையாக நாறிக்கொண்டிருந்தது.

"தினம் ஒரு மெயில் போடறேன்டா தம்பி. ஒரு பதிலும் இல்ல. இந்த வாரமும் தண்ணி வரலேன்னா கடையை இழுத்து மூட வேண்டியதுதான்" என்று அக்கா போனில் அழாத குறையாகச் சொல்லியிருந்தார்.

துடைப்பம் வைக்கும் அறையில்தான் சர்வரும் இருந்தது. மெக்கானிக் கவிழ்த்துப்போட்ட வாளி மேல் உட்கார்ந்து, குப்பை மெயில் போய்ச் சேரும் ஸ்பேம் பெட்டியைத் திறந்தார். ஊர்ப் புலம்பல் மொத்தமும் அதற்குள் கிடந்தது, அக்காவின் கடிதங்கள் உட்பட.

விஷயம் இதுதான். வருகிற கடிதத்தின் ஒவ்வொரு வார்த்தைக்கும், குப்பையை வடிகட்டுகிற ஃபில்டர் மதிப்பெண் போடும். கூட்டுத்தொகை ஐந்தைத் தாண்டினால் குப்பை. எது குப்பை என்பதை, அலுவலகத்தார் 'குப்பை' பொத்தானை அழுத்துவதைப் பார்த்துத்தான் அது கற்றுக்கொள்ளும். நம் அலுவலகத்தார் வேலை வைக்கிற கடிதம் எது வந்தாலும் அந்தப் பொத்தானை அழுத்தியிருந்தார்கள். ஆகவே 'தண்ணீர்' இரண்டு, 'குழாய்' இரண்டு, 'தயவுசெய்து' மூன்று. 'வாழ்த்துகள்' என்று ஆரம்பித்த கடிதத்தை மட்டும் ஒருவரும் குப்பையில் தள்ளியதில்லை.

"சார், ஃபில்டர்ல கோளாறே இல்ல. நீங்க சொல்லிக் கொடுத்ததை அப்படியே கத்துக்கிட்டிருக்கு."

"அப்போ கார்?"

"கார் பொய் சார். குப்பையில போனதுதான் நிஜம். இது கத்துக்கிட்டதை அழிச்சிட்டு முதல்லேர்ந்து பழக்கணும்."

இயக்குநருக்குத் தூக்கிவாரிப்போட்டது. தம் அலுவலகமே செயற்கை நுண்ணறிவால் இயங்குகிறது என்று அவர் போன வாரம்தான் ஒரு மாநாட்டில் முழங்கிவிட்டு வந்திருந்தார். இப்போதெல்லாம் அது இல்லாத அலுவலகத்தை யார் மதிக்கிறார்கள்?

"அழிக்கறதா? எத்தனை வருஷ நிர்வாக அனுபவம்யா அது! இந்த ஆபீஸ்ல ஒழுங்கா வேலை பாக்கறது அது ஒண்ணுதான்."

"சரி சார், நாலாவது தெருவுல குழாய் உடைஞ்சிருக்கு. அதையாவது..."

"வாயால சொன்னா எப்படி நடவடிக்கை எடுக்கறது? மெயில்ல வரட்டும்."

"வந்திருக்கு சார். குப்பையில இருக்கு."

"குப்பைன்னு தெரிஞ்சப்புறம் அதை நான் எப்படிய்யா படிக்கறது?"

மெக்கானிக் வெளியே வந்து அக்காவைக் கூப்பிட்டார்.

"அக்கா, தண்ணி, குழாய் எதுவும் எழுதாதே. தயவுசெய்துன்னு தப்பித்தவறிக்கூடப் போட்டுடாதே."

"அப்புறம் என்னத்தடா எழுதறது?"

"வாழ்த்துகள்னு ஆரம்பி. பரிசு உண்டுன்னு முடி."

அக்கா கெட்டிக்காரி. 'வாழ்த்துகள்! நாலாவது தெருவில் தோன்றியுள்ள நீரூற்றைத் திறந்துவைக்கத் தாங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள். பரிசு உண்டு' என்று எழுதினார். கடிதம் வழுக்கிக்கொண்டு போய் இயக்குநரின் கண்ணெதிரே நின்றது. நேரில் வந்து பார்த்தால் மனுஷனுக்குப் புரியாமலா போகும் என்று அக்கா நம்பினார்.

இயக்குநர் பரிவாரத்தோடு வந்தார். வெட்ட ரிப்பன் இல்லாததால் அக்கா துணி உலர்த்தும் கயிறு வெட்டப்பட்டது. 'இந்த நீரூற்று நமது அலுவலகத்தின் இடையறாத செயல்பாட்டின் விளைவு' என்று அவர் நனைந்தபடியே பேசினார். அதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. பரிசாக அக்கா இஸ்திரி போட்ட ஒரு போர்வையைக் கொடுத்தார். யாருடைய போர்வை என்று விசாரிக்கப்படவில்லை. சொன்ன பரிசு கைக்கே வந்துவிட்டதால் ஃபில்டர் மேல் இயக்குநருக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் தீர்ந்தது.

"ஐயா, இது உடைஞ்ச குழாய். சரி பண்ணிக் கொடுங்க" என்றார் அக்கா.

"விழா நடந்தப்புறம் இது குழாய் இல்லம்மா, பொதுச் சொத்து. கை வெச்சா குற்றம்."

அக்கா விடவில்லை. வீடு வீடாகக் கையெழுத்து கேட்டுப் போனார். பக்கத்துத் தெருவிலிருந்து குடம் சுமந்து வந்த எதிர்வீட்டுக்காரி குடத்தை இறக்கி வைத்தாள்.

"என்னக்கா நீங்க? எங்கெங்கேயோ இருந்து வந்து படம் எடுத்துட்டுப் போறாங்க. நம்ம தெரு பேரு பேப்பர்ல வந்திருக்கு. இதைப் போய் அடைக்கச் சொல்றீங்களே, நல்லாவா இருக்கு?"

சொல்லிவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, நீரூற்றுக்கு முன்னால் நின்று தன்னைத்தானே ஒரு படம் எடுத்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் வரிசையில் நின்றார்கள்.

அன்று மாலை தெருவே சேர்ந்து அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போட்டது. நீரூற்றுக்கு வாழ்த்துகளோடு ஆரம்பித்து, அதன் அழகைச் சலவைக் கடைத் துணி மூட்டைகள் மறைப்பதாக வருத்தத்தோடு முடித்திருந்தார்கள். ஃபில்டர் வழிவிட்டது. இருட்டுவதற்குள் ஆட்கள் வந்து கடையைப் பூட்டி சீல் வைத்தார்கள். மக்கள் கொடுத்த புகாருக்கு அந்த அலுவலகம் அன்றைக்கே நடவடிக்கை எடுத்தது அதுதான் முதல் தடவை. தெருவே கைதட்டியது.